முதியோர் இல்லத்து அடுக்களை: கையுறைக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தின் நிர்வாகப் பொறுப்பை அண்மையில் ஏற்றிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார்: இல்லத்தில் நாற்பது பெரியவர்கள் இருக்கிறார்கள்; அடுக்களையில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்; தரையும் பாத்திரமும் பளிச்சென்றுதான் இருக்கின்றன; இருந்தும் மாதத்தில் ஒரு முறையாவது மூன்று நான்கு பேருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்துவிடுகிறது. சமைப்பவர்களுக்குக் கையுறையும் தலையுறையும் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா? கூடவே அவர் ஒரு தகவலையும் எழுதியிருக்கிறார். மதியச் சாப்பாடு காலை ஏழு மணிக்கெல்லாம் ஆக்கி இறக்கப்பட்டுவிடுகிறதாம்; ஏனென்றால் அதே இரண்டு பெண்களும் பிறகு படுக்கையில் இருப்பவர்களைக் குளிப்பாட்டவும் உடை மாற்றவும் போகவேண்டும்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தகவலில்தான் பெரும்பகுதி விடை இருக்கிறது. கையுறை வாங்குவதில் தவறில்லை. ஆனால் உங்கள் இல்லத்தில் நடப்பதை அது நிறுத்தாது. உணவு அடுப்பை விட்டு இறங்கியதிலிருந்து இலைக்கோ தட்டுக்கோ வரும் வரை எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதும், அதைத் தொடும் கை அதற்கு முன் எங்கே இருந்தது என்பதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. தரையின் பளபளப்பு கண்ணுக்குத் தெரிகிறது. இவை இரண்டும் தெரிவதில்லை. அதனால்தான் சோதனைக்கு வருகிறவர்கள் உட்பட எல்லோரும் தரையையே பார்த்துவிட்டுப் போகிறோம்.

வீட்டில் இதைவிடக் கவனக்குறைவாகச் சமைத்தும் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லையே என்று உங்கள் சமையல்காரர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயம்தான். ஆனால் எழுபதைத் தாண்டியவர்களின் உடல் வேறு. இரைப்பையின் அமிலம்தான் உள்ளே வரும் கிருமிகளுக்கு முதல் தடுப்பு. வயதானவர்கள் பலருக்கு அது குறைவாகவே சுரக்கிறது, அதற்கு மேல் நெஞ்செரிச்சலுக்கென்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். நீரிழிவும் சிறுநீரக நோயும் எதிர்ப்பாற்றலைக் குறைத்துவிடுகின்றன. மூக்கும் நாக்கும் மங்கிவிடுவதால், சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு லேசாகப் புளித்திருப்பதை ஒரு பதினைந்து வயதுப் பையன் கண்டுபிடித்துவிடுவான், எண்பது வயது ஆச்சி கண்டுபிடிக்கமாட்டார்கள். இளைஞனுக்கு ஒரு நாள் அவதியாக முடியும் வயிற்றுப்போக்கு, இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பெருக்கி மாத்திரை சாப்பிடும் பெரியவரை நீர்ச்சத்து இழந்து மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

சோற்றிலிருந்து தொடங்குகிறேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். மண்ணிலிருந்து வருபவை அவை. எத்தனை முறை களைந்தாலும் முழுவதும் போவதில்லை. கொதிநீரில் கிருமி சாகும், அதன் வித்து சாகாது. சோறு ஆறத் தொடங்கி வெதுவெதுப்புக்கு வந்ததும் வித்து முளைத்துப் பெருகி, நஞ்சைச் சுரக்கிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஏழு மணிக்கு வடித்து மூடிய அண்டாவைப் பன்னிரண்டரைக்குத் திறந்து பாருங்கள். ஓரத்துச் சோறு கைச்சூட்டுக்கு வந்திருக்கும். நடுவில் கரண்டியை விட்டால் இன்னும் லேசாக ஆவி எழும். மூடியின் உட்புறத்தில் திரண்ட நீர் சொட்டிச் சொட்டி மேல்சோறு நசநசவென்று ஆகியிருக்கும். கிருமிக்கு வேண்டிய சூடும் ஈரமும் நேரமும் அந்த அண்டாவுக்குள் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. சாப்பிட்ட ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கினால் இதையும், நான் அடுத்துச் சொல்லப்போகும் கிருமியையும் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது சொதி. நம் பக்கத்தில் மறுவீட்டு விருந்தின் பெருமையான பதார்த்தம். பல்லில்லாத வாய்க்கும் காரம் ஆகாத வயிற்றுக்கும் ஏற்றதாக இருப்பதால், இல்லங்களில் வாரம் ஒரு முறை வைப்பதும் உண்டு. அதன் செய்முறையை நினைத்துப் பாருங்கள். காயும் பாசிப்பருப்பும் இரண்டாம் மூன்றாம் பாலில் நன்றாக வேகின்றன, அதில் குற்றமில்லை. ஆனால் தேங்காயைக் கையால் பிழிந்தெடுத்த கெட்டியான முதல் பாலை ஊற்றியபின் கொதிக்கவிடுவதில்லை. திரிந்துவிடும் என்று நுரை கூடும்போதே இறக்கிவிடுகிறோம். பிழிந்த கையில் ஒரு சிறு வெட்டுக்காயமோ சீழ்க்கொப்புளமோ இருந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி நேரே பாலுக்குள் போகிறது. காயமில்லாத கையிலும், மூக்கைத் தொட்ட விரலிலும் அது இருக்கக்கூடும். சொதியில் புளி இல்லை, எலுமிச்சைச் சாறும் கடைசியில் கொஞ்சம்தான் விடுகிறோம். கொழுப்பும் பருப்பும் நிறைந்த அந்தக் குழம்பு ஐந்து மணி நேரம் வெதுவெதுப்பாக இருந்தால், அதில் உண்டாகும் நஞ்சும் கொதிக்க வைத்தால் போய்விடாத வகைதான். பாலைச் சுத்தமான துணியிலோ வடிகட்டியிலோ போட்டு, கழுவிய கையால் பிழியுங்கள். காயும் பருப்பும் வெந்த அடிக்குழம்பை மட்டும் முதலில் தயார் செய்து சூடாக வைத்துக்கொண்டு, முதல் பாலைப் பரிமாறுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன் பிழிந்து சேருங்கள். சொதியை விட்டுவிட வேண்டியதில்லை.

உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் நெடுநேரம் இருக்கக்கூடாது என்பதே அடிப்படை விதி. சமைத்த உணவை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டையில் வெளிவெப்பமே 40 டிகிரியை ஒட்டிப் போகிறது, அடுப்பு எரியும் அறையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே இரண்டு மணி நேரம் என்பதைக்கூட நமக்கான சலுகையாக எடுத்துக்கொள்ளலாகாது. கையுறைக்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் முதலில் உணவுக்குள் குத்திப் பார்க்கும் ஒரு வெப்பமானி வாங்குங்கள். பனிக்கட்டி மிதக்கும் நீரில் அது 0 டிகிரியும், கொதிக்கும் நீரில் 100 டிகிரியும் காட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சமைத்து இறக்கும்போது நடுப்பகுதி 75 டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். பரிமாறும்போது 60க்குக் கீழே இறங்கியிருக்கக்கூடாது. வெப்பமானியின் முனையை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்க மறக்க வேண்டாம்.

வேலை நேரத்தை மாற்ற முடியாதா என்று பாருங்கள். காலையில் காய் நறுக்கி, பருப்பு வேகவைத்து, மசாலா அரைத்து வைத்துவிட்டு, குளிப்பாட்டும் வேலை முடிந்தபின் பதினொன்றரைக்குச் சோறு பொங்கினால் போதும்; நாற்பது பேருக்கான சோறு ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட வேலைதான். இதற்காக இன்னொரு ஆளை அரைநாள் சம்பளத்துக்கு வைக்க நேர்ந்தாலும் வையுங்கள். மிச்சமான சாம்பாரை அண்டாவோடு மூடி இரவுக்கு வைப்பதும் இதே கணக்கில்தான் வரும். பெரிய பாத்திரத்தின் அடியில் காற்றுப் புகாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி, சாதகமான சூட்டில் ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். மிச்சத்தை வைத்தே ஆகவேண்டுமென்றால் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வைத்து, மறுபடி கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கி ஒரே முறை பரிமாறுங்கள்.

இங்கே பழையதையும் சுண்டக்கறியையும் பற்றிச் சொல்லாமல் போனால் நெல்லைச் சீமைப் பெரியவர்களுக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். எண்பது ஆண்டுகள் காலையில் நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களிடம் அது கூடாது என்று சொல்வது எளிதல்ல. நன்றாகப் புளித்த பழையதில் லாக்டிக் அமிலம் கூடுவதால் பல கிருமிகள் வளர முடியாது என்பது உண்மை. ஆனால் புளிப்பு ஏறுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் என்ன வளர்ந்தது என்பது அன்றன்றைய சூட்டையும் நீரையும் பாத்திரத்தையும் பொறுத்தது. தன் வீட்டில் தனக்கென்று ஒரு கும்பாவில் ஊற்றிவைப்பது வேறு, நாற்பது பேருக்கு ஓர் அண்டாவில் ஊற்றிவைப்பது வேறு. என் முடிவு இதுதான்: இல்லத்து அடுக்களையில் பழையது வேண்டாம், அன்று பொங்கிய சோற்றை ஆற்றி, உறையூற்றிய மோரைக் கரைத்து, சின்ன வெங்காயத்தை நன்றாகக் கழுவி நறுக்கிப் போட்டு உடனே கொடுங்கள். விருந்து மிச்சத்தைச் சுண்ட வைக்கும் வழக்கத்தைப் பொறுத்தவரை, புளி மிகுந்த வற்றல்குழம்பு அதே நாளில் சுண்டுவது பரவாயில்லை; முதல் நாள் கூட்டு, அவியல், சொதி ஆகியவற்றை ஒன்றாகக் கொட்டிச் சுண்டுவதை அறவே நிறுத்திவிடுங்கள்.

இனி கை. அடுக்களையில் அரைமணி நேரம் ஓரமாக நின்று ஒருவரின் கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அங்கணத்தில் மீன் கழுவிய கை, தோளில் கிடக்கும் துண்டில் துடைக்கப்படுகிறது. அதே துண்டால் சூடான பாத்திரம் பிடித்து இறக்கப்படுகிறது. பிறகு அதே துண்டு கழுவி அடுக்கிய தட்டுகளை ஒரு சுற்றுச் சுற்றித் துடைக்கிறது. உப்புப் பார்ப்பதற்குக் குழம்பைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கியபின், அந்தக் கை நேரே கொத்தமல்லித் தழைக்குப் போகிறது. இதில் எதையும் அவர்கள் அசட்டையாகச் செய்யவில்லை. நம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். துண்டைத் தோளிலிருந்து இறக்குவதே முதல் சீர்திருத்தமாக இருக்கட்டும். பாத்திரம் பிடிக்கத் தனித்துணி, கை துடைக்கத் தனித்துணி, தட்டைத் துடைக்காமல் கவிழ்த்து உலர வைக்க ஒரு கம்பித்தட்டு என்று பிரித்துவிடுங்கள். துணிகளைத் தினமும் கொதிநீரில் போட்டு வெயிலில் உலர்த்துங்கள். உப்புப் பார்க்க ஒரு டம்ளர் நிறையச் சிறு கரண்டிகள் வைத்து, ஒரு முறை வாயில் பட்டதைக் கழுவப் போடச் சொல்லுங்கள்.

கை கழுவுவது என்பது சோப்பைப் போட்டு விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண், மணிக்கட்டு வரை குறைந்தது 20 வினாடி தேய்த்து, ஓடும் நீரில் அலசுவது. மோதிரமும் கண்ணாடி வளையலும் கையில் கட்டிய கயிறும் அழுக்கைப் பிடித்துவைக்கும் இடங்கள். தாலிக்கயிற்றையோ வேண்டுதல் கயிற்றையோ கழற்றச் சொல்லி யாரையும் புண்படுத்த வேண்டியதில்லை. கழுத்துக் கயிறு உடைக்குள் இருக்கட்டும், கைக்கயிற்றை வேலை நேரத்தில் முழங்கைக்கு மேலே ஏற்றிக்கொள்ளலாம். கையுறை போட்ட கை அழுக்காகாது என்ற எண்ணம் மெல்ல வளர்ந்துவிடும் என்பதுதான் கையுறை பற்றிய என் தயக்கம். கையுறையோடு காசை எண்ணி, கதவைத் திறந்து, கைப்பேசியை எடுத்துவிட்டுத் தோசை வார்ப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வெந்த உணவை நேரடியாகத் தொட நேரும்போதும், விரலில் காயம் இருந்து அதன்மேல் நீர்புகாத பிளாஸ்திரி ஒட்டியிருக்கும்போதும் கையுறை உதவும். ஒவ்வொரு வேலைக்கும் புதிது, போடுமுன் கை கழுவல் என்ற இரண்டு நிபந்தனைகளோடு.

உங்கள் இல்லத்தின் மிகப் பெரிய ஆபத்து, டயாபர் மாற்றும் கையும் சோறு பிசையும் கையும் ஒன்றாக இருப்பது. ஆள் பற்றாக்குறையால் இது பல இல்லங்களில் நடக்கிறது, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. முடிந்தால் வாரமுறை வைத்து, ஒரு வாரம் ஒருவர் சமையல் மட்டும், மற்றவர் பராமரிப்பு மட்டும் என்று பிரித்துவிடுங்கள். முடியாதென்றால், படுக்கை வேலை முடித்தவர் உடுப்பின் மேல் போட்ட அங்கியைக் கழற்றிப் புறவாசலிலேயே விட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வேறு அங்கியும் தலைத்துணியும் அணிந்த பிறகே அடுக்களை வாசலைத் தாண்டவேண்டும். வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் பரப்பும் நாரோவைரஸ் போன்றவற்றுக்கு ஆல்கஹால் கலந்த கைதிரவம் போதாது. சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.

உடல்நலமில்லாதவர் சமைக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒரு பெண், வயிற்றுப்போக்கு என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்று தெரிந்தும் சொல்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவர் அது நின்று 48 மணி நேரம் ஆகும் வரை உணவைத் தொடக்கூடாது; மஞ்சள் காமாலை, டைபாய்டு என்றால் மருத்துவர் சம்மதிக்கும் வரை வரக்கூடாது. அந்த நாட்களுக்கு முழுச் சம்பளம் கொடுங்கள். நாற்பது பேரின் மருத்துவச் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையே அல்ல. சம்பளத்தைப் பிடிக்கும் இல்லத்தில் நோய் மறைக்கப்படும்; நான் பார்த்தவரை இதற்கு விலக்கே இல்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் லாப நோக்கம் இல்லாத அமைப்புகளையும் உணவுத் தொழிலுக்குள் சேர்க்கிறது. 2011ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணை 4, உணவைக் கையாள்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனையையும் குடல் தொற்றுகளுக்கான தடுப்பூசியையும் கேட்கிறது. இதைக் கையெழுத்துக்கான சடங்காக்கிவிட வேண்டாம். நோய்க்குறி ஏதும் இல்லாமலே டைபாய்டு கிருமியைச் சுமந்து பலருக்குப் பரப்பியவர் என்று 1907இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட மேரி மல்லனும் ஒரு சமையல்காரர்தான்.

மூக்குக்குழாய் வழியாக உணவு பெறுபவர்கள் இருந்தால் அவர்களுக்குரிய கஞ்சியைத் தனியாகக் கவனியுங்கள். மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் ரப்பர் வளையத்திலும் தங்கும் பிசுக்கு, நேற்றைய சட்னியை இன்றைய கஞ்சியோடு சேர்த்துவிடும். அதற்கென்று ஒரு ஜார் வைத்து, ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவுங்கள். அரைத்த கஞ்சியை ஒரே நேரத்தில் நாள் முழுமைக்கும் செய்து வைக்காமல், அவ்வப்போது செய்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். குழாயை அலசக் கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள்.

நினைவு நாளுக்கும் பிறந்த நாளுக்கும் அன்பர்கள் கொண்டுவரும் சாப்பாடு இன்னொரு சங்கடம். கல்யாண மண்டபத்தில் அதிகாலை தம் போட்ட பிரியாணி மாலை நான்கு மணிக்கு உங்கள் வாசலுக்கு வந்தால், கொண்டுவந்த அண்ணாச்சியின் மனம் நோகாமல் மறுப்பது கடினம். இருந்தும் மறுத்தே ஆகவேண்டும். அதற்கு வழி, முன்கூட்டியே அரிசி, பருப்பு, எண்ணெயாகக் கொடுங்கள், உங்கள் பெயரில் இங்கேயே சமைத்துப் போடுகிறோம் என்று வாசலில் எழுதி வைப்பது. அல்வாவும் முறுக்கும் வரட்டும். நிறையச் சர்க்கரையோ குறைந்த ஈரமோ உள்ள பண்டங்களில் இந்தக் கிருமிகள் எளிதில் வளராது. சர்க்கரை நோயாளிகளின் கணக்கை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழியைக் கழுவித் தெறிக்கவிட வேண்டாம். முட்டையை அரைவேக்காடாகத் தர வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து வரும் சூரை, அயிலை போன்ற மீன்கள் ஐஸில் இல்லாமல் வெயிலில் வந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும், சமைத்தாலும் போகாது, வாங்காதீர்கள். தாமிரபரணித் தண்ணீர் வருகிறது என்பதற்காகத் தொட்டியை மறந்துவிடக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு குடிநீர் எந்த அளவுக்குச் சிக்கலானது என்பதை நாம் பார்த்தோம். தொட்டியை முறையாகக் கழுவி, குழாயில் வரும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதமிருக்கிறதா என்று சோதியுங்கள். பலகையையும் மேடையையும் சோப்பால் கழுவியபின், 5 சதவீத ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச் திரவம்) லிட்டருக்கு 4 மில்லி கலந்து துடையுங்கள். வாந்தி பட்ட இடத்தில் லிட்டருக்கு 20 மில்லி. அதை ஆசிட்டோடோ வேறு எந்தத் திரவத்தோடோ சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

மறுபடி யாருக்கேனும் உடம்புக்கு வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சல் தெரியாமலே இருக்கலாம். திடீர்க் குழப்பம், தூக்கக் கலக்கம், சிறுநீர் குறைதல் ஆகியவைதான் முதல் அறிகுறிகளாக வரும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைத்து உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கத் தொடங்குங்கள்; இதய, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு வந்தாலே அதைத் தற்செயல் என்று விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். அவர்கள் வந்து கேட்கும் முதல் கேள்வி என்ன சாப்பிட்டார்கள் என்பதாகவே இருக்கும். அதற்காக ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் வெஞ்சனத்திலும் ஒரு கைப்பிடி அளவைக் கொதிநீரில் கழுவிய மூடியுள்ள டப்பாவில் எடுத்து, தேதியும் வேளையும் எழுதி, குளிர்பெட்டியின் மேல்தட்டில் மூன்று நாள் வைத்திருங்கள். யார் என்ன சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு யாருக்கு என்ன வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தால், அடுத்த முறை தவறு சோற்றிலா, தேங்காய்ப் பாலிலா, தண்ணீரிலா என்பது அரைநாளில் தெரிந்துவிடும்.